கயிறு என் பொறுப்பு

கூட்டத்தில் காராச்சேவை ஆளுக்கொரு தட்டில் வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான், சார். எங்களுடையது சின்னத் தொண்டர் சங்கம். கடலுக்கடியில் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த வலைகளை அறுத்து எடுப்போம். நான் செயலாளர். முங்குவது கிளைட்டன், என் தங்கை ஜாஸ்லினின் கணவன்.

அவன் கை எல்லார் தட்டிலும் இருக்கும். டீசல் பிசுக்கோடு காராச்சேவை அள்ளுவான். அதே கையால் தலைவரிடமிருந்து மைக்கைப் பிடுங்குவான், என் தோளில் தட்டுவான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி வெந்நீரில் போடுவேன். என் தங்கைக்குச் சோறு ஊட்டுவதும் அந்தக் கைதான்.

அதனால்தான் நிர்வாகக் குழுவில் பொறுப்புகளைத் தெளிவாகப் பிரிக்கச் சொன்னேன். கீழே காற்று அனுப்பும் கம்ப்ரசர் எங்கள் சங்கத்துப் பையன் ஆன்றோவுக்கு. கயிறு எனக்கு. முங்கியவன் கயிற்றை ஆட்டினால் எப்போது இழுப்பது என்று கயிறு பிடிப்பவனே முடிவு செய்வான். ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது.

"இதென்னலே மச்சான், கடல்ல போயி சட்டம் பேசிக்கிட்டு" என்று கிளைட்டன் சிரித்தான். ஆனாலும் கயிறு எனக்கு என்றதும் முதலில் கை தூக்கியவன் அவன்தான். எங்கள் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே கயிறு மனைவியின் சகோதரனிடம்தான் இருக்கும். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை.

அன்று படகில் நானும் ஆன்றோவும், கீழே கிளைட்டன். கயிறு ஆடியது. பிறகு இன்னும் வேகமாக ஆடியது.

"அண்ணே, கயிறு துடிக்குதே" என்றான் ஆன்றோ.

"கயிறு என் பொறுப்பு. நீ உன் பொறுப்பப் பாருலே."

பார்த்தான். கம்ப்ரசர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பான். அதிலிருந்து போகும் காற்றுக் குழாய் என் காலடியில், ஈர வலைக் குவியலுக்குக் கீழே கிடந்தது. குழாய் யார் பொறுப்பு என்று நாங்கள் பேசவே இல்லை. அது குழுவின் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

கயிறு அடங்கியபின் இழுத்தேன். அவன் காலில் வலை சுற்றியிருந்தது. கைகள் ஊறி வெளுத்திருந்தன. அவற்றை அன்றுதான் சுத்தமாகப் பார்த்தேன்.

குழாயை மிதித்துக்கொண்டிருந்தது என் கால்தான், சார். தெரிந்துதான் மிதித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஜாஸ்லின் என் முகத்தில் துப்பினாள். அவளுக்கு விவரம் தெரியாது. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கயிற்றை நான் கடைசிவரை விடவில்லை.