மாவேலியின் குதிகால்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஹரீந்திரன் அவர்களே! அவருடைய அருமைப் பாதங்கள் இரண்டே! சிரிக்காதீர்கள், பாதங்களைத் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். பெற்ற பிள்ளைகளை எங்கள் ஆய்வகத்தை நம்பி அனுப்பியிருக்கும் அன்னையரே, தந்தையரே! மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில் மல்லிகைக் குவியலாய் அமர்ந்திருக்கும் முதலாண்டு வேதியியல் செல்வங்களே! கடைசி வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் செல்வமே! அனைவருக்கும் ஆய்வகப் பொறுப்பாளர் பிரசீதாவின் வணக்கம்.

உங்கள் கையில் ஆய்வகப் பாதுகாப்புத் தாள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்றா? ஆகா, எல்லாக் கைகளும் எழுகின்றன. படித்தவர்கள் கை தூக்குங்கள். என்ன அமைதி, என்ன அமைதி! அதோ ஒரு கை. மின்விசிறியைக் காட்டுகிறாயா மகளே? போடச் சொல்கிறேன்.

வெட்கம் வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் படிக்காமல்தான் போட்டேன். அந்த ஆண்டு ஓணத்துக்குத் துறைகளுக்கிடையே பூக்கோலம் போடும் பூக்களப் போட்டி. மூன்று ஆண்டுகளாகக் கோப்பை தாவரவியல் துறைக்கே. பூ அவர்கள் வீட்டுச் சொத்து, நமக்கு என்ன இருக்கிறது என்று எங்கள் வகுப்பே புழுங்கியது. பூவிலே நீலம் எங்கே? சங்குப்பூ இருக்கிறது, உச்சி வெயிலுக்குள் சுருண்டுவிடும். சுருளாத நீலம் எங்கே, வாடாத செம்மஞ்சள் எங்கே என்று யோசித்தேன். எங்கே இருந்தது? எங்கள் சரக்கறை அலமாரியில் இருந்தது!

சரக்கறை ஊழியர் பொறிஞ்சு சேட்டன் ஓணச் சத்யை விருந்துக்குக் காய் நறுக்கப் போயிருந்தார். மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட்டை அள்ளினேன், நீலம் நீலமாய்! பொட்டாசியம் டைகுரோமேட்டை அள்ளினேன், செக்கச் செவேலென்று செம்மஞ்சள்! செண்டுமல்லி அதன் முன்னால் நாணிக் கோணி நின்றது. முற்றம் முழுக்க எங்கள் களம் ஜொலித்தது. தாவரவியல்காரர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

களத்தின் நடுவில் குத்துவிளக்கு. அதை ஏற்றுவது மகாபலி வேடமிட்டு வரும் மாவேலியின் உரிமை, அதுவும் வெறுங்காலோடு. அந்த ஆண்டு மாவேலி யார்? என் வகுப்புத் தோழன். மீசை, கிரீடம், ஓலைக்குடை, வேட்டிக்குள் தலையணைத் தொந்தி. காலில் மட்டும் ஒரு குறை. புதுச்செருப்பு கடித்துக் குதிகால் தோல் வழன்று கிடந்தது.

செம்மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. மறுபடி ஓடினேன். அப்போதுதான் அந்தச் சீசாவுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. தூளை மூச்சில் இழுக்காதே. தீயின் அருகே கொண்டுபோகாதே. புண்ணில் பட்டால் ஆறாத ரணமாகும். அதன் அடியில், படித்துப் புரிந்துகொண்டேன் என்று எங்கள் வகுப்பின் கையெழுத்துகள். முதலாவது யாருடையது? என்னுடையது.

வெளியே செண்டை மேளம் முழங்குகிறது. மாவேலி வந்துவிட்டான். கத்தினேன், காதில் விழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அவன் கால் தூக்கிவிட்டான்.

"டேய், கால கீழ வைக்காத!"

"மகாபலிச் சக்கரவர்த்தியப் பாத்து டேய்ங்கிறியா? தள்ளுடி."

பேச நேரமேது? பாய்ந்து தொந்தியைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தேன். சக்கரவர்த்தி மல்லாந்தார், தலையணை தனியே உருண்டது. கூட்டம் இது நாடகத்தில் ஒரு காட்சி என்று கைதட்டியது!

சத்தம் கேட்டு வந்த பொறிஞ்சு சேட்டன் எல்லாரையும் காற்று வரும் பக்கமாக ஒதுக்கினார். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மாட்டினார். நான் துடைப்பத்தைத் தொட்டதும் பிடுங்கிக்கொண்டார்.

"பெருக்குனா தூள் பறக்கும். அதுவும் அந்தத் தாள்ல இருக்கு."

"தெரியாது சேட்டா."

"நான் எட்டாங்கிளாஸ். நான் படிச்சேன். நீ காலேஜு. கையெழுத்துப் போட்ட."

அன்றைக்குச் சுட்டது, இன்றைக்கும் ஆறவில்லை. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார், பெயர் எழுதிய சாடியில் கழிவாக அடைத்தார். ஒரு சொட்டைக்கூட சாக்கடைக்கு விடவில்லை. நடுவர்கள் வந்தபோது என்ன கண்டார்கள்? ஈரத் தரை, ஒரு தலையணை, தொந்தியில்லாத மாவேலி.

"கோப்பை போச்சேடி," என்றான் அவன், ஓலைக்குடையை மடியில் வைத்துக்கொண்டு.

"உன் கால் இருக்குல்லடா," என்றேன். அழுதுவிட்டேன்.

கோப்பை தாவரவியல் துறை அலமாரியில் இன்னும் இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறேன். எனக்குக் கிடைத்த பரிசு எங்கே? தலைவர் அவர்களே, சற்றே செருப்பைக் கழற்றுங்கள். அதோ, கழற்றிவிட்டார்! தூக்கிக் காட்டுங்கள் சார், கடைசி வரிசைக்கும் தெரியட்டும். பாருங்கள் செல்வங்களே, மாவேலியின் குதிகால்! தழும்பு கூட இல்லை!

கையெழுத்திட்ட தாள்களைக் கிழித்துவிடுங்கள். வாசலில் புதுத்தாள் தருகிறேன். இன்று யாரும் கையெழுத்திட வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். படித்துவிட்டு நாளைக்கு வாருங்கள், கதவைத் திறந்துவைக்கிறேன்.

கேட்ட செவிகளுக்கும், காட்டிய பாதத்துக்கும் நன்றி. இறங்கும்போது பார்த்துக் கால் வையுங்கள். வணக்கம்.