தோற்காத பத்தொன்பதாம் ஜோடி

பித்தளையைத் துடைக்கப் பற்பசையே போதும். கடையில் டப்பாவில் விற்கிற மெருகு எண்ணெயெல்லாம் வேண்டியதில்லை. பழைய பனியன் துணியில் கடலையளவு எடுத்து வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் தகட்டில் முகம் பார்க்கலாம். நாங்கள் மல்யுத்தப் பட்டம் வைத்திருந்த பதினாறு மாதமும் இரண்டு பெல்ட்டுகளையும் நான்தான் துடைத்தேன். மிசாவோவுக்கு அதிலெல்லாம் அக்கறை கிடையாது. தன்னுடையதை அழுக்குத் துணிகளோடு சுருட்டிப் பைக்குள் திணித்துவிடுவாள்.

காஜி மேடம், உங்கள் புத்தகத்துக்கான பட்டியலைப் படித்தேன். பெண்கள் இரட்டையர் பட்டத்தின் வரலாற்றை இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதியதில்லை. முதல் ஜோடி அமெரிக்கப் பெண்கள் என்பதும், நம் ஜப்பான் பெண்கள் அதை எல்லோர் முன்னிலையிலும் பறிக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது என்பதும் சரி. எட்டாம் ஜோடி ஒன்பதே நாளில் இழந்தார்கள், அதுவும் சரி. பதினெட்டாம் ஜோடியிடமிருந்து நாங்கள் எடுத்த தேதி, ஊர், நிமிடக் கணக்கு எல்லாம் சரி. எங்கள் வரியில் மட்டும் ஒரு பிழை.

"தகினோ ஹாத்சுமி, ஒரிகாசா மிசாவோ. பதினான்கு முறை தக்கவைத்தனர். தனிப்போட்டி ஒன்றில் தகினோவின் பிடி நழுவியதால் ஒரிகாசா படுகாயமடைந்தார். பட்டம் காலியானது."

இந்த வரியைத் திருத்தத்தான் உங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னேன். பஸ் வசதி இல்லாத ஊர், சிரமம்தான். டீ எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மிசாவோவும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தோம். எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினைந்து. அகிதாவிலிருந்து வந்தவள், அவள் பேச்சு எங்கள் யாருக்கும் பாதி புரியாது. அழுதுகொண்டே ஓடுவாள், அழுதுகொண்டே சாப்பிடுவாள், ஆனால் கீழே விழச் சொன்னால் பூனை மாதிரி விழுவாள். அப்படி விழத் தெரிந்தவளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும், உங்களுக்குத் தெரியாததல்ல. முடிவாகாதது ஒன்றுதான்: உன்னைத் தூக்குகிறவள் உன்னை எப்படி இறக்குவாள் என்பது. மிசாவோவை நான் எட்டு வருடம் தூக்கி இறக்கினேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கம்பெனியில் மூன்று தடைகள் இருந்தன. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, ஆண்களோடு பழகக் கூடாது. எங்கள் சுற்றுப்பயண பஸ்ஸை ஓட்டியவர் கோகுரே, அமைதியான மனிதர். மிசாவோ அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக அவர் தோளுக்கு மேல் நீட்டுவாள். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொள்வார். அதைப் பார்த்தவள் நான் மட்டும்தான். தலைவர் ஊசுகியிடம் சொன்னவளும் நான்தான். விதி இருக்கிறது, சொன்னேன். அடுத்த வாரமே வேறு டிரைவர் வந்தார். மிசாவோ நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் நானே ஊட்டிவிட்டேன்.

1987 ஜூலையில் ஊசுகி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருபத்தாறு வயதானால் கம்பெனியைவிட்டுப் போய்விட வேண்டும், அது எழுதாத விதி.

"ஜனவரியில உனக்கு இருபத்தாறு, இல்ல?"

"ஆமாங்க."

"அக்டோபர்ல பட்டத்தச் சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேருக்குத் தோத்துக் குடுத்துடுங்க. மிசாவோவ நான் தனி ஆட்டத்துல மேல கொண்டு போறேன். உனக்கு நல்லா ஒரு விழா எடுத்து, ரிங் மணியப் பத்துத் தடவ அடிச்சு மரியாதையா அனுப்பி வெக்கிறேன். குறை வெக்க மாட்டேன்."

"சரிங்க."

அவர் கெட்டவரில்லை. எல்லோருக்கும் செய்ததைத்தான் எனக்கும் செய்தார்.

மிசாவோமீது எனக்குப் பொறாமை இருந்தது என்று நீங்கள் எழுதக்கூடும். இல்லை. அவள் காயப்பட்ட அன்றைக்குக் காலை சத்திரத்தில் சாப்பிடும்போது நடந்ததைச் சொல்கிறேன், அப்போது புரியும். ஆகஸ்ட் பதினோராம் தேதி, நிகாதா பக்கம் ஒரு கடலோர ஊர். சோறு, சுட்ட சால்மன் மீன், சூப். மிசாவோ வாயில் சோற்றோடு சொன்னாள்:

"ஊசுகி ஐயாகிட்டச் சொல்லிட்டேன்டி, தனியாவெல்லாம் ஏற மாட்டேன்னு."

"ஏன்?"

"நீ இல்லாம அங்க ஏறி யாரத் திட்டுறது? அக்டோபர்ல தோத்துட்டு ரெண்டு பேரும் ஒண்ணாவே கெளம்பிடலாம். அந்தப் புள்ளைங்க நல்ல புள்ளைங்கடி. ஜென்மத்துக்கும் மறக்காத மாதிரி தோத்துக் குடுக்கணும்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"பெல்ட்ட வெச்சுச் சோறா வடிக்கப் போறோம்?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோகுரே எங்க ஊர்ப் பக்கம் லாரி ஓட்டுறார்டி. மாசாமாசம் கடுதாசி வருது. எவளோ போட்டுக்குடுத்து அவர் வேலையப் போக்கினா, அதனால என்ன, லாரி நல்லாத்தான் ஓடுது. கல்யாணத்துல நீதான் முன்னால நிக்கணும், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து மீன்தோலை எடுத்துத் தின்றாள். எட்டு வருடமாக என் பங்குத் தோலையும் அவள்தான் தின்பாள்.

எனக்காக அவள் பெரிய வாய்ப்பை விட்டாள், அது தெரிகிறது. ஆனால் தோற்பதைப் பற்றி அவள் பேசிய விதத்தைக் கவனித்தீர்களா? திருவிழாவுக்குப் போவது போலப் பேசினாள். பதினான்கு முறை நான் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய ஒன்றை, ஊர்ப்பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போவாளாம். அந்த மீன்தோலை மென்று முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கோபம் வரவில்லை. சூப்பை முழுக்கக் குடித்தேன்.

அந்தக் கோடையில் தனிப்போட்டிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரே ஜோடியைச் சேர்ந்தவர்களும் மோத வேண்டும். அன்று எனக்கும் அவளுக்கும் ஆட்டம். பள்ளிக்கூட உள்ளரங்கம், காற்றே இல்லை, நாலு மூலையிலும் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து விசிறி விட்டிருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் நான் ஜெயிப்பதாக ஏற்பாடு.

முடிக்கும் பிடி என்னுடையது. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, இடுப்போடு சேர்த்து அணைத்து, அப்படியே உட்கார்ந்துவிடுவது. பார்க்கிறவர்களுக்குத் தலை தரையில் மோதுவதாகத் தோன்றும். உண்மையில் அவள் தலை என் தொடைகளுக்கு நடுவே, நாலு விரல் உயரத்தில் ஒளிந்திருக்கும். முதலில் தரையைத் தொடுவது என் பிட்டம்தான். அவள் தலையில் காற்றுதான் படும். அந்த நாலு விரல்தான் இந்தத் தொழில்.

தூக்கினேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவள் என் தொடையில் இரண்டு முறை தட்டினாள். தயார் என்று அர்த்தம்.

"போடுடி," என்றாள்.

நாலு விரல் கீழே இறக்கிப் பிடித்தேன். நழுவவில்லை, மேடம். இறக்கினேன். பதினேழு வயதிலிருந்து ஒரு நாளும் என் பிடி நழுவியதில்லை, இத்தனை வருடம் நழுவியது என்று எல்லோரும் எழுதுவதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். கொல்ல நான் நினைக்கவே இல்லை. நாலு விரல் என்றால் கழுத்தோடு போகும், அதற்கு மேல் இறக்கினால்தான் உயிருக்கு ஆபத்து. எனக்கு அளவு தெரியும். பச்சை வெள்ளரிக்காயை ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள்மேல் படுத்து அழுத்தினேன். நடுவர் மூன்று எண்ணினார். அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேன். தனிப்போட்டி என்பதால் உங்கள் பட்டியலில் வராது.

ஆஸ்பத்திரிக்கு அகிதாவிலிருந்து அவள் அம்மா வந்தார். என் முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தார்.

"நீ எவ்வளவு துடிப்பேன்னு எனக்குத் தெரியும்மா. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. அவளே அப்படித்தான் சொன்னா."

நானும் குனிந்து வணங்கினேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அடுத்த மாதம் ஊசுகி இரண்டு பெல்ட்டுகளையும் மேசையில் வைத்துப் பட்டம் காலி என்று அறிவித்தார். உங்கள் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே "இழந்தனர்" என்று இருக்கிறது. எங்களுக்கு மட்டும் இல்லை. ரிங்கில் எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. அவள் பெயருக்கும் சேர்த்துத்தானே அந்தப் பெருமை?

அவளை நானே இங்கே அழைத்து வந்தேன். அவள் அம்மா இரண்டு வருடத்தில் தவறிவிட்டார், வேறு யாரும் இல்லை. கோகுரே இரண்டு முறை வந்தார். வாசலிலேயே நிறுத்தி, "உங்களப் பாக்கப் பிடிக்கலன்னு சொல்லச் சொன்னா," என்றேன். இரண்டாம் முறை ஒரு பெட்டி ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து அவளிடம், "கோகுரேவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்," என்றேன். பிறகு அந்தப் பழங்களை ஒரு மாதம் உரித்து உரித்து அவளுக்கு ஊட்டினேன். நன்றாகத்தான் இருந்தன. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக நகராட்சி எனக்கு ஒரு நற்சான்றுப் பட்டயம்கூடக் கொடுத்தது. பெரிய விஷயமில்லை, அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருடம் ஒரு காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அன்னைக்கு ஒன் கை நழுவல, இல்ல?"

"வேர்வைடி. எவ்வளவு புழுக்கம், ஞாபகம் இல்ல?"

"எட்டு வருஷம் அந்தக் கையிலதான் தொங்கியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"கஞ்சி ஆறுது," என்று கரண்டியை நீட்டினேன்.

கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

குளிப்பாட்ட வாரம் இருமுறை நகராட்சியிலிருந்து ஒரு பெண் வருவாள். சில வருடத்துக்கு முன் வந்தவள் வாயாடி. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் மிசாவோ அவளோடு பேசுவது கேட்கும், அகிதாப் பேச்சில். ஒரு நாள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நோயாளிக்குக் களைப்பாகிறது என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இப்போது வருகிறவள் வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.

"தகினோ நாலு விரல் இறக்கிப் பிடித்தார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து யார் வந்து என்ன கேட்டாலும் இதையே சொல்வேன். அவளிடமும் கேட்க வேண்டுமென்றால் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், தாராளமாகக் கேளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். என்மேல் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. அந்தக் கஞ்சிக்குப் பிறகு இந்த இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருத்தம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லாமலா இருந்திருப்பாள்?