பூட்டு வச்ச உறை

செல்வன்: ...ஸ்பைரல் வேணாம் மச்சான். அந்தக் கம்பி பையில மாட்டிக்கிட்டு ஒரு தடவ பத்து பக்கம் கிழிஞ்சிச்சு.

கொளஞ்சி: நான் பை தைக்கிறவன் மாமா. எங்கிட்ட வந்து நோட்டு பாடம் நடத்துறீங்க.

செல்வன்: உள்ள என்னா வைக்கப் போறோம்னு தெரிஞ்சாதான ஒறைக்கு அளவு எடுப்ப? அதுக்குத்தான் மூணு நோட்டயும் தூக்கியாந்தேன். சிதம்பரத்துலேர்ந்து நின்னுக்கிட்டே வந்தேன், தெரியுமா?

கொளஞ்சி: அகலப் பாதை போடுறேன்னு ரயில நிறுத்தி ஒன்ர வருஷமாவுது. இன்னும் பஸ்சுலதான் தொங்குறோம். சரி, காட்டுங்க. ஸ்கூல் தொறக்கப் போற நேரம், கடையில கால் வைக்க எடமில்ல. சீக்கிரம்.

செல்வன்: இது பாண்டில வாங்கினது. தையல் போட்ட கட்டு. தொறந்தா ரெண்டு பக்கமும் தட்டையா விழுவுது பாரு. மாட்டு முதுகுல வச்சுக்கூட வரையலாம்.

கொளஞ்சி: மாட்டு முதுகுலயா?

செல்வன்: பின்ன? கால்நடை ஆய்வாளர் வர்றாருன்னு மேச நாற்காலியா போட்டு வச்சிருக்கான்? புவனகிரி பக்கம் பாதி ஊர்ல நிக்க நெழல் கெடையாது. ஒரு மாட்டுக்கு கோமாரி ஊசி போட்டுட்டு, அடுத்தத ஓட்டியாறதுக்குள்ள அஞ்சு நிமிஷம் கெடைக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு படம்.

கொளஞ்சி: கவர்மெண்டு சம்பளத்துல படம் வரையுறீங்க.

செல்வன்: மாடு நின்னா வரைவேன், நடந்தா ஊசி போடுவேன். இது ரெண்டாவது. இங்க திருப்பாப்புலியூர்லயே வாங்குன டிராயிங் நோட்டு. தாளு மெலிசு. மை ஊறி பின்பக்கம் வந்துடுது. இது வேணாம்.

கொளஞ்சி: வேணாம்னு தெரிஞ்சும் ஏன் தூக்கியாந்தீங்க?

செல்வன்: அளவுக்கு. இந்த நீளம், அந்தத் தாளு. அப்பிடி ஒன்னு இருந்தா போதும். சட்டப் பையில நுழையுற அளவு சின்னதாவும் இருக்கக் கூடாது, கையில கனக்கவும் கூடாது.

கொளஞ்சி: ஒரு நிமிஷம் மாமா... அம்மா, அது ரெண்டு ஜிப்பு. டிபன் வைக்க பக்கத்துல தனி அறை இருக்கு. தோள்ல மாட்டிப் பாருங்க... ம், சொல்லுங்க. தோலு மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா? ரெண்டும் ராணிப்பேட்டலேர்ந்து வந்து கெடக்கு.

செல்வன்: மாட்டுத் தோலு வேணாம்.

கொளஞ்சி: அதான் உழைக்கும்.

செல்வன்: நாள் பூரா மாட்டுக்கு வைத்தியம் பாக்குறேன். பக்கத்துல போனா மோந்து பாத்துட்டு பின்னால நவுந்துடும்.

கொளஞ்சி: ஆட்டுக்கும் நீங்கதான ஊசி போடுறீங்க.

செல்வன்: ஆடு அவ்ளோ யோசிக்காது.

கொளஞ்சி: சரி, ஆட்டுத் தோலு. ஜிப்பா, பட்டனா?

செல்வன்: ஜிப்புன்னா ரெண்டு கை வேணும். ஒரு கையில மூக்கணாங்கயிறு இருக்கும். மேல ஒரு மடிப்பு, அதுல ஒரு வாரு. இழுத்தா தொறக்கணும், செருகினா மூடணும். ஓரத்துல பேனாவுக்கு ஒரு குழாய். தூறல் உள்ள போவக் கூடாது.

கொளஞ்சி: மடிப்ப ரெண்டு விரக்கடை கீழ வரைக்கும் எறக்கி விடுறேன். ஒரு சொட்டு உள்ள போவாது. அந்த மூணாவது நோட்டு? அது கோடு போட்டதால்ல இருக்கு. கோட்டு மேல எப்பிடி வரைவீங்க?

செல்வன்: அது... எழுதுறதுக்கு.

கொளஞ்சி: நீங்க எழுதுவீங்களா?

செல்வன்: ஏன், எழுதக் கூடாதா?

கொளஞ்சி: முந்நூறு பக்கம், கெட்டி அட்ட. மளிக லிஸ்ட்டா எழுதப் போறீங்க?

செல்வன்: தாள தொட்டுப் பாரு. வழவழன்னு இருக்கா? நிப்பு பேனாவால எழுதுனா மை பரவாது. இங்க மூணு கட, சிதம்பரத்துல நாலு கட. எல்லாத்துலயும் ஒரு மூலையில எழுதிப் பாத்துட்டுத்தான் வாங்குனேன். கடைக்காரங்க மொறச்சாங்க.

கொளஞ்சி: நிப்பு பேனாவா... உங்க வூட்ல நிப்பு பேனாவால எழுதுறது ஒருத்தர்தான மாமா?

செல்வன்: நீ அளவ எடு.

கொளஞ்சி: சரி, கேக்கல. இதுக்கும் ஒறை வேணுமா?

செல்வன்: வேணும். இதுக்கு தனியா. அதே ஆட்டுத் தோலு. நல்ல துண்டா பாத்து போடு, தழும்பு இல்லாம. இதுக்கு வாரு வேணாம். பூட்டு வைக்க முடியுமா?

கொளஞ்சி: பூட்டா?

செல்வன்: சின்னது. பழைய சூட்கேஸ்ல வருமே, அந்த மாதிரி.

கொளஞ்சி: வைக்கலாம். ரெண்டு சாவி வரும்.

செல்வன்: ஒன்னு போதும்.

கொளஞ்சி: அப்ப உங்களுக்கு?

செல்வன்: எனக்கு வேணாம்.

கொளஞ்சி: மாமா... அம்மாவுக்கு கால் சுளுக்கு, பாத்துக்க ஆளில்லன்னு சொல்லித்தான் அக்கா வந்துச்சு. அஞ்சு வாரமாவுது. அம்மா நேத்து பாடலீஸ்வரர் கோயில மூணு சுத்து சுத்திட்டு, வர்ற வழியில கீரையும் வாங்கியாந்துச்சு.

செல்வன்: கால் தேவலாமா? சந்தோசம்.

கொளஞ்சி: அதுக்காவ சொல்லல. என்னா நடந்துச்சு?

செல்வன்: உங்க அக்கா சொல்லலியா?

கொளஞ்சி: கேட்டா ஸ்கூல் லீவுதான, இருக்கக் கூடாதாங்குது.

செல்வன்: நான் படிச்சுட்டேன் மச்சான். அவ நோட்ட.

கொளஞ்சி: எந்த நோட்ட?

செல்வன்: தெனம் எழுதுவாளே. ஏப்ரல் கடைசி. அவ ஸ்கூல்ல பரீட்ச பேப்பர் திருத்தப் போயிருந்தா. நான் மதியமே வந்துட்டேன். மேச மேல நோட்டு தொறந்து கெடந்துச்சு. ஃபேன் காத்துல பக்கம் புரண்டுக்கிட்டே இருந்துச்சு. மூடி வைக்கலாம்னுதான் போனேன். நெசமாவே அதுக்குத்தான் போனேன். ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. சத்துணவு சமைக்கிற விருத்தாம்பாள் மவளுக்கு நிச்சயம் நின்னுபோனத எழுதியிருந்தா. அந்தப் பொண்ணு மஞ்சப் பொடவையோட சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னுச்சாம். யாரும் ஒன்னும் கேக்கலியாம். நேர்ல பாக்குற மாதிரி இருந்துச்சு. ஒக்காந்தேன். ரெண்டு வருஷமா அவ எழுதுனத பூரா படிச்சுட்டேன்.

கொளஞ்சி: முழுசாவா?

செல்வன்: முழுசா. வாடக வூட்டு ஓனரு மோட்டார் போட மாட்டேன்னு அடம்புடிச்சது இருக்கு. பஸ்சுல பக்கத்துல ஒக்காந்து வந்த பரங்கிப்பேட்ட பொம்பள, சவுதிலேர்ந்து புருஷன் போட்ட லெட்டர படிச்சுக் காட்டச் சொன்னது இருக்கு. கொல்லையில பூன குட்டி போட்டது இருக்கு. நீ தங்கச்சங்கிலிய தொலைச்சுட்டு பொய் சொன்னது இருக்கு.

கொளஞ்சி: அதுவுமா...

செல்வன்: எல்லாம் இருக்கு. நான் இல்ல.

கொளஞ்சி: திட்டிக்கூடவா இல்ல?

செல்வன்: திட்டியிருந்தா பரவால்லியே. ரெண்டு வருஷம் மச்சான். எம் பேரே இல்ல. அந்த வூட்ல அவ மட்டும் இருக்குற மாதிரி இருந்துச்சு.

கொளஞ்சி: அக்கா வந்ததும் கேட்டுட்டீங்களா?

செல்வன்: செருப்பக்கூட கழட்ட விடல. நோட்ட கையில வச்சுக்கிட்டு, இதுல நான் எங்கன்னு கேட்டேன். அவ எத்தினி பக்கம் படிச்சீங்கன்னு மட்டும் கேட்டா. எல்லாம்னேன். நோட்ட வாங்கிக்கிட்டா. அரிசி களைஞ்சு ஒலையில போட்டா. சோறு வடிச்சா, எனக்கு போட்டா. காலையில பாத்தா பையி வாசல்ல இருக்கு.

கொளஞ்சி: மன்னிப்பு கேக்கறதுதான?

செல்வன்: ஃபோன் பண்ணா அம்மா கால பத்தி மட்டும்தான் பேசுறா. அந்தக் கால பத்தி எனக்கு இப்ப டாக்டருக்கு மேல தெரியும்.

கொளஞ்சி: மாமா, ஒன்னு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு.

செல்வன்: அப்ப சொல்லாத.

கொளஞ்சி: அக்கா கடலூருக்கு மாறுதல் கேக்குது. ஃபாரம் எழுதி வச்சிருக்கு. நாளைக்கு கடைசி நாளு.

செல்வன்: புவனகிரி ஸ்கூலு வேணும்னு அவதான் கேட்டு வாங்குனா. அந்தப் புள்ளைங்கள விட்டுட்டு வரணும்னு தோணியிருக்குன்னா... நான் அவ்ளோ பெரிய தப்பு பண்ணியிருக்கேன்.

கொளஞ்சி: நீங்க ஒக்காருங்க மொதல்ல.

செல்வன்: உள்ள மிஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சே. நின்னுடுச்சு.

கொளஞ்சி: கரண்டு போயிருக்கும்.

செல்வன்: தலைக்கு மேல ஃபேன் ஓடுது.

கொளஞ்சி: அது... நூலு அறுந்திருக்கும். தைக்கிற பையன்...

செல்வன்: வேணாம் மச்சான். வரும்போதே வாசல்ல செருப்ப பாத்தேன். எடது குதிகால் மட்டும் தேஞ்சது. நாலு வருஷமா தெனம் பாக்குறேன்.

கொளஞ்சி: அப்ப தெரிஞ்சேதான் இவ்ளோ நேரம் எங்கிட்ட...

செல்வன்: உங்கிட்ட பேசுற மாதிரி பேசுனாத்தான் எனக்கு வாய் வருது.

கொளஞ்சி: நல்லா இருக்கு. நான் ஒருத்தன் குறுக்க.

அமிர்தம்: கொளஞ்சி, அந்த ஒறைக்கு பூட்டு வைக்காத.

கொளஞ்சி: தோ, மெஷினே பேசுது. வாக்கா. நான் போயி டீ...

அமிர்தம்: இரு. கடைய விட்டுட்டு எங்க போற? அந்தம்மா பேக்க தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாரு, போயி கவனி.

செல்வன்: அமிர்தம்...

அமிர்தம்: எங்கிட்ட நேரா பேசுங்க. பூட்டு எதுக்கு?

செல்வன்: நீ திரும்ப எழுதணும். எவனும் தொறக்க மாட்டான்னு உனக்கு நம்பிக்க வேணும்.

அமிர்தம்: பூட்டு போட்டு எழுதுற அளவுக்கு அதுல என்னா இருக்கு? நான் என்னத்தையும் மறைக்கல. ஆனா அது நான் எனக்குன்னு எழுதுனது. கேட்டிருந்தா நானே ஒரு பக்கம் படிச்சுக் காட்டியிருப்பேன்.

செல்வன்: கேட்டிருக்கணும். தப்புதான்.

அமிர்தம்: ம்.

செல்வன்: நான் ஏன் இல்லன்னு இப்ப கேக்கலாமா?

அமிர்தம்: உங்ககிட்ட சொல்லிட்டத நான் எழுதறதில்ல. உங்க மேல எது இருந்தாலும் சோறு போடும்போதே சொல்லிடுவேன், நல்லதோ கெட்டதோ. சொல்லி முடிச்சப்புறம் எழுத என்னா மிச்சம்? யார்கிட்டயும் சொல்ல முடியாததுதான் நோட்டுக்குப் போவும். விருத்தாம்பாள் மவ கதைய நான் உங்ககிட்ட சொன்னதில்ல. சொன்னா அழுதுடுவேன்.

செல்வன்: இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.

அமிர்தம்: செருப்போட நிக்க வச்சு கேட்டீங்க.

செல்வன்: ஆமா.

அமிர்தம்: இந்தத் தாளு... நெசமாவே ஏழு கடையில எழுதிப் பாத்தீங்களா?

செல்வன்: ஏழாவது கடையில உம் பேர எழுதிப் பாத்தேன். அதுல மட்டும்தான் பரவல. எடுத்துட்டேன்.

அமிர்தம்: கடைசிப் பக்கத்துல ஓரமா இருக்கு. பாத்தேன்.

செல்வன்: அந்த ஃபாரம்...

அமிர்தம்: எழுதியிருக்கேன். கையெழுத்து போடல. மூணு நாளா பேனாவ எடுக்குறேன், வைக்கிறேன்.

செல்வன்: போடாத.

அமிர்தம்: போட மாட்டேன். ஞாயித்துக்கெழம வர்றேன். நீங்க வந்து கூட்டிப் போவ வேணாம், பை ஒன்னுதான். திங்கக்கெழம ஸ்கூலு.

செல்வன்: புவனகிரி ஸ்டாண்டுல நிக்கிறேன்.

அமிர்தம்: வேணாங்கிறேன்ல. வூட்ல இருங்க. அரிசி ஊற வச்சிருங்க, போதும்.

கொளஞ்சி: ரெண்டு ஒறையும் தைக்கவா, வேணாமா? அதச் சொல்லிட்டு ரெண்டு பேரும் எங்கயாவது போயி பேசுங்க.

அமிர்தம்: தையி. இருங்க, போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு பாத்தா, அங்க வந்தா எனக்கு வாய் வராது.

செல்வன்: என்னா?

அமிர்தம்: நீங்க மட்டும் தப்பு பண்ண மாதிரி நின்னுக்கிட்டு இருக்கீங்க... கல்யாணமாயி மூணாவது மாசத்துலேர்ந்து, நீங்க குளிக்கப் போறப்பெல்லாம் உங்க பட நோட்ட நான் எடுத்துப் பாக்குறேன். ஒரு பக்கம் விட்டதில்ல. நான் எங்கயாவது இருக்கேனான்னுதான் தேடுவேன். நாலு வருஷம் தேடியிருக்கேன், ஒரு படத்துலயும் நான் இல்ல. என் கோவம் உங்க கோவத்தவிட பழசுங்க. நீங்க என்னோடத படிச்சது எனக்கு ஒரு சாக்கு, அவ்ளோதான்.