உள்பக்கக் கால்

பெடல் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது காலணியைப் பற்றித்தான், இன்ஸ்பெக்டரம்மா. தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் பாதத்துக்கு ஒன்றும் தெரியாது. மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூ போதும், சந்தையில் கிடைக்கிற மலிவான சரக்கு. கவ்ரிலோ முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். சொன்னால் கேட்கிற ஆள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு விமானம் பழக்கமில்லை என்றீர்கள், பரவாயில்லை. எங்கள் கிளப்பில் இருப்பது எஞ்சின் இல்லாத கிளைடர்கள். கையில் ஒரு கம்பு, காலடியில் இரண்டு பெடல். கம்பைச் சாய்த்தால் இறக்கை சாயும். பெடலை மிதித்தால் வாலில் இருக்கிற சுக்கான் அசைந்து மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். கையும் காலும் சேர்ந்தே போக வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள், காலைத் தூங்க விட்டுவிடுவார்கள். இந்தப் பனாட் சமவெளியில் அப்படிப்பட்டவனுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘செத்த கால்’. கவ்ரிலோ ஒரு செத்த கால். மாட்டு டாக்டர், முப்பத்தெட்டு வயது, கை அத்தனை நயம். கால் மட்டும் சொன்னதைக் கேட்காது.

சிமுலேட்டர் அறை என் பொறுப்பு. பழைய காரின் முன்சீட்டு, மூன்று திரை, ஒரு ஜாய்ஸ்டிக், நானே இரும்பில் பற்றவைத்த பெடல்கள். எங்கள் ஓடுதளம், பக்கத்துச் சூரியகாந்தி வயல், கொஷாவாக் காற்று எந்த மூலையிலிருந்து அடிக்கும் என்பது வரை எல்லாவற்றையும் உள்ளே ஏற்றியிருந்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அண்ணே, நெசத்தவிட இது நெசமா இருக்கே” என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த அறை எனக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இலையுதிர்காலத்தில், கிளப்பில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு தப்பியது. எட்டு வினாடி இருக்குமாம். கூட இருந்தது கவ்ரிலோ மட்டும்தான். முகத்துக்கு நேரே சொன்னான்: “ரதோமிர் அண்ணே, டாக்டர் போர்டுல நீங்களே சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். மேல போய் இப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

நான் சொல்லவில்லை. அவன் சொன்னான். என் உரிமம் போயிற்று, பதிலுக்கு இந்தச் சிமுலேட்டர் அறையைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் நான் ஓட்டிய வெள்ளை நிற ஒற்றை இருக்கைக் கிளைடரைக் கிளப் அவனுக்குக் கொடுத்தது. அவனாகக் கேட்கவில்லை. அவன் மனைவி யாஸ்னா செய்த கசகசா ரொட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். “உங்களுக்கு மனசு கஷ்டம்னா வேணாம்ணே, நான் தொடமாட்டேன்” என்றான்.

“எடுத்துக்கோடா. சும்மா நின்னா எலிதான் குடித்தனம் பண்ணும்” என்றேன்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. எல்லோரும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவன் செய்தது சரி. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நவம்பரில் அவனாகவே வந்து, “என் காலுக்கு உயிர் குடுங்கண்ணே” என்றான். செவ்வாயும் வியாழனும், மாலை ஐந்து மணிக்கு. முதல் மாதம் முழுக்க நேராகப் பறப்பது, திரும்புவது, மறுபடி திரும்புவது. கண்ணாடி மூடிக்கு வெளியே ஒரு கம்பளி நூலை ஒட்டியிருப்போம். நூல் நேராகக் கிடந்தால் காலும் கையும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். என் திரையிலும் அந்த நூல் உண்டு. டிசம்பர் கடைசியில் அவன் நூல் ஆடாமல் கிடந்தது. நான் தட்டிக்கொடுத்தேன், அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்தான்.

ஜனவரியில்தான் கடைசித் திருப்பத்துக்கு வந்தோம். இறங்குவதற்கு முன்னால், ஓடுதளத்தின் நேர்க்கோட்டுக்கு வருகிற திருப்பம் அது. கொஷாவா பின்னாலிருந்து தள்ளினால் கோட்டைத் தாண்டிப் போய்விடுவோம். தரை பக்கத்தில் இருக்கும்போது இறக்கையை இன்னும் சாய்க்க எவனுக்கும் பயம். அப்போது ஒரு ஆசை வரும்: உள்பக்கக் காலை, அதாவது திரும்புகிற பக்கத்துக் காலை, ஒரு அழுத்து அழுத்தி மூக்கை மட்டும் திருப்பிவிடலாமே என்று. எல்லோருக்கும் வரும். நிஜத்தில் அப்படிச் செய்தால் உள்பக்க இறக்கை தாங்கும் சக்தியை இழந்து கவிழும், கிளைடர் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். ஆயிரம் மீட்டரில் என்றால் மீளலாம். எண்பது மீட்டரில் மீள இடமில்லை.

சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் இருந்தால் கிளைடர் நிஜம் போலவே கவிழும். டிக்கை எடுத்துவிட்டால் கவிழாது. எடுத்துவிட்டேன்.

“உள்பக்கக் காலை மிதி. சாய்க்காதே, மிதி” என்றேன்.

அவன் படித்தவன். “புத்தகத்துல இதைக் கூடவே கூடாதுன்னு போட்டிருக்கேண்ணே?”

“அது பழைய மரக் கிளைடருக்கு எழுதினது. நீயே செஞ்சு பாரு.”

செய்து பார்த்தான். மூக்கு வெண்ணெய் மாதிரித் திரும்பி ஓடுதளத்தில் வந்து நின்றது. காற்றைக் கூட்டினேன், அப்படியும் நின்றது. மற்ற எல்லாம் அவ்வளவு நிஜமாக இருக்கும்போது இது மட்டும் பொய் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு தடவை கேட்டான்: “நூல் கோணலாப் போகுதேண்ணே?”

“நூறு மீட்டருக்குக் கீழே நூலை எவன்டா பாப்பான்? ஓடுதளத்தைப் பாரு” என்றேன்.

மார்ச் முடிகிறவரை, வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு இருபது முறை. யோசித்துச் செய்வது போய், கால் தானாகச் செய்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன். யாஸ்னா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “வீட்டுல சோபாவுல உக்காந்துகூட மிதிச்சுக்கிட்டே இருக்கார், என்ன மருந்து போட்டீங்க?” என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரலில் தேர்வாளரோடு ஒரு சோதனைப் பறப்பு உண்டு. நாள் குறிக்கிறவன் நான். இலை அசையாத ஒரு நாளைக் குறித்தேன். காற்றில்லாத நாளில் யாரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள், அவசரக் காலுக்கும் வேலை இருக்காது. தேர்வாளர் இறங்கிவந்து, “இவன் காலை யார் இப்படி மாத்தினது?” என்று கேட்டார். கவ்ரிலோ என்னைக் காட்டினான்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை கொஷாவா அடித்தது. கீழே ரேடியோவோடு நின்றது நான். அந்த வெள்ளைக் கிளைடரில் இறங்க வந்தவன் கோட்டைத் தாண்டுவது தெரிந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், யாஸ்னாவும் இருந்தாள். அவன் ஒரு நொடி தயங்கினான். இறக்கையைச் சாய்க்கப் போகிறான் என்று எனக்குப் புரிந்தது. சாய்த்திருந்தால் பிழைத்திருப்பான். நான் பொத்தானை அழுத்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்: “கால்.”

எல்லோர் காதிலும் விழுந்தது. செத்த காலை எழுப்பப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். சவ அடக்கத்தில் யாஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது கடைசி வரைக்கும் பாத்தீங்கண்ணே” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவனை எனக்குப் பிடிக்கும்.

போன வாரம் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அதில் எழுதியிருக்கிறார்கள்: ‘தரையிலிருந்து எச்சரித்தும் விமானி சுக்கானைப் பயன்படுத்தவில்லை, பெடல் பயிற்சி போதாது.’ இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அவன் பயன்படுத்தினான். நான் சொன்ன அந்த நொடியே, சொன்ன காலை, சொன்ன அழுத்தத்தில் மிதித்தான். அந்த ஐந்து மாத உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். கொலை என்று நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பயிற்சி வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். செத்துப்போனவனுக்கு அநியாயம் நடக்கக்கூடாது.