மறியலுக்கு வெத்தலை பாக்கு

"ரோடு மறியலுக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைச்சேன்க்கா!"

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாடி சொல்ற?"

"எங்க ஏரி மண்ண லாரி லாரியா அள்ளிக்கினு போறான்க்கா. வாட்ஸப் குரூப்ல மறியல்னு போட்டதும் ஆளாளுக்குக் கட்டவெரலத் தூக்கிக் காட்னாங்க. ரோட்டுக்கு வந்தது நானும் என் மாமியாரும்தான்."

"அப்பறம்?"

"தட்டுல குங்குமம், வெத்தல பாக்கு வெச்சிக்கினு வூடு வூடா ஏறி எறங்கினேன். ஊருன்னு பாக்கல, காலனின்னு பாக்கல. 'குடும்பத்தோட வந்துடுங்க'ன்னேன். அத்தினி பேரும் பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்து ரோட்ல குந்திக்கினாங்க! லாரிக்காரன் கல்யாணக் கூட்டம்னு நெனச்சி ஆரன்கூட அடிக்கல, அப்டியே திருப்பிக்கினு போய்ட்டான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"குரூப்ப ஆரம்பிச்சதே உங்க வூட்டுக்காரருதான? குஷியா வந்திருப்பாரே?"

"அவரு மட்டும் வரலக்கா. 'எனக்கு மெசேஜ்தான போட்ட, வெத்தல பாக்கு வெச்சியா?'ன்னு கோச்சிக்கினு வூட்லயே குந்திக்கினாரு."