வெள்ளிக்கிழமைப் பார்வை நேரம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய ரயிலில், மூவர் உட்காரும் இருக்கையில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னாள்: “நான் ஞாயித்துக்கெழமைய தூக்கினதாலதான்க்கா என்ன இன்டர்வியூவுக்கே கூப்ட்டுக்கிறாங்க.”

மனநலக் காப்பகம் ஒன்றில் வார்டைக் கவனிப்பவள் அவள் என்பதும், அதே காப்பகத்தின் நிர்வாகி வேலைக்கு அன்று நேர்காணல் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது.

“ஞாயித்துக்கெழம கேட்டத் தொறந்து வெச்சாலும் பாக்க யாரும் வரல. சொந்தக்காரங்களே கைகழுவிட்டாங்கன்னு இப்ப ரிட்டயராவப் போற மேனேஜர் சார் சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கு மனசு கேக்கல. ஒவ்வொரு ஊட்டுக்கும் போன் போட்டேன். எல்லாரும் கம்பெனி வேலக்கிப் போறவங்க. ஞாயித்துக்கெழமயும் ஷிப்ட் இருக்குது, வெள்ளிக்கெழமதான் அவங்களுக்கு லீவு. வெள்ளிக்கு மாத்தினேன். மொத வாரமே வராண்டாவுல நிக்க எடமில்ல.”

“அத அப்டியே உள்ள போய்ச் சொல்லுடி.”

“கேள்வி கேக்கறதுல அந்த சாரும் ஒக்காந்துக்கினு இருப்பாரு.”

“இருந்தா இன்னா? வாய மூடிக்கினு வரதுக்கா எம்பிஏ படிச்ச?”

“அவர மட்டம் தட்டி நான் மேல போக வேணாம்க்கா. அடுத்தது இன்னா செய்வேன்னு சொல்றேன். நைட் ஷிப்ட் முடிச்சவங்க அப்டியே வந்து பாக்கற மாதிரி காலைல ஏழு மணிக்கே கேட்டத் தொறக்கணும்.”

“ஏழு மணிக்கு யாரு வந்து தொறப்பா?”

“நான்தான்.”

“ஊட்ல எட்டு மணி வரைக்கும் தூங்கறவ.”

“அங்க எனக்காகக் காத்துக்கினு இருப்பாங்களே.”

மீஞ்சூர் வந்ததும் அக்கா எழுந்து, தங்கையின் புடவை மடிப்பை நீவிவிட்டாள்.

“எறங்கு மேனேஜரம்மா.”