என் பேரு வேண்டாம், ரிஸ்தென்

பனிமான் கன்னு குடுக்கணுமேன்னா நான் வேண்டாங்கறேன்? நல்லாக் கண்டுபிடிச்ச போ. புள்ளைக்கு என் பேரை வெச்சு நான் பேருக்காரன்னு ஆயிட்டா, அவனுக்கு மொதப் பல்லு முளைக்கறப்ப பெட்டைக் கன்னு ஒண்ணு விடணும், அது ஊரறிஞ்ச முறைதானே. ஒண்ணென்ன, மூணா விடறேன், அவன் மந்தை அடையாளத்தைக் கன்னுங்க காதுல வெட்டியே விடறேன். பேரு மட்டும் என் பேரு வேண்டாம்.

உக்காரும்மா. தொட்டிலை அந்தாண்ட தள்ளி வை, அடுப்பு அனல் புள்ள மூஞ்சியில அடிக்குது. காப்பியில பால்கட்டி போட்டிருக்கேன், ஊறட்டும். பாரேன், தூங்கறப்பகூட உங்கப்பன் மாத்தே மாதிரியே மூக்கைச் சுளிக்கறான்.

இல்ல ரிஸ்தென், யோவ்னாங்கற பேரு ராசியில்லாத பேரு. எனக்கு முன்னாடி அந்தப் பேரு வெச்சிருந்த எங்க சித்தப்பா குடிச்சே அழிஞ்சாரு. ஆமா, பாட்டு நல்லாப் பாடுவாருதான். அதுக்காகக் குடிக்கலைன்னு ஆயிடுமா? பேருக்கா பஞ்சம், உன் புருஷன் வீட்டுல எத்தனை ஆம்பளைங்க.

உங்கப்பன் சொன்னானா. தெரியும், அவந்தான் சொல்லியிருப்பான். எனக்கு உசுரு குடுத்தவன் பேரு, வேற பேரு வெச்சா சர்ச்சுக்கே வரமாட்டேன்னானா? அவன் செய்வான். பிடிவாதத்துல அவனை மிஞ்ச ஆளு இல்ல.

எனக்கு அதைக் கேட்டா வெக்கமா இருக்கும்மா. அடக்கம் கிடக்கம்னு நினைச்சுக்காத. நெசமாவே வெக்கம். அஞ்சு வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் அவன் அந்தக் கதையை எடுத்துட்டா நான் விறகு எடுக்கற சாக்குல வெளிய போயிடறேன். நீ கவனிச்சதில்லையா?

கதை உனக்கு மனப்பாடமா இருக்கும். ஏரிப் பனிக்கட்டி மேல வர்றப்ப வெடிப்புல மாட்டி பனி ஸ்கூட்டர் கவுந்துடுச்சு, காலு அடியில சிக்கிக்கிச்சு. கத்தினா எதிர்க்காத்து. நெத்தி லைட்டைக் கழட்டி, அணைச்சு அணைச்சுப் போட்டான். எதிர்க்கரையில இருந்து ஒரு லைட்டு ரெண்டு தடவ மின்னிச்சு. யோவ்னா பாத்துட்டான், வந்துருவான்னு நிம்மதியா லைட்டை அணைச்சுட்டான், பேட்டரியாவது மிஞ்சட்டும்னு. அப்புறம் போடப் பாத்தா குளிர்ல பேட்டரி செத்துக் கிடக்கு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே நீ பாத்துட்டேம்பான் என்னைக் காட்டி. அந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. உடனே பூட்ஸைக் கழட்டி, மிச்சமிருக்கற ஒத்த விரலை ஆட்டிக் காட்டுவான்.

எவ்வளவு நேரம் கிடந்தேன்னு கேட்டா, காப்பி கொதிக்கற நேரம்பான். ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரமாவது இருக்கும்னாங்க. ஞாபகமிருக்கா, உங்கம்மாவும் நீயும் பக்கத்துலதானே நின்னீங்க. ரெண்டையும் சேத்து வெச்சு ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. நான் வாயைத் தொறப்பேனா? எல்லாரும் என் கையைப் புடிச்சுக் குலுக்கறாங்க, உங்கம்மா என் தோள்ல சாஞ்சு அழறா. அப்ப விட்டது, விட்டதுதான்.

குடி, ஆறிடும். இறைச்சி வத்தல் அந்தத் தட்டுல இருக்கு.

நான் அங்க என்ன பண்ணிட்டிருந்தேனா? படம் எடுக்கத்தான் போனேன், வேற எதுக்கு மைனஸ் முப்பத்திநாலு டிகிரி குளிர்ல ஏரிக்கரைக்குப் போவான் மனுஷன்? சாயங்காலம் அஞ்சரை இருக்கும். அந்த வருஷம் காலண்டருக்கு வடக்கு வானத்துல ஆடற துருவ ஒளியை ஒரு படம் கேட்டிருந்தாங்க, மூணு வாரமா அலையறேன், வானம் மூடியே கிடந்துச்சு. அன்னிக்குத் தொறந்துச்சு பாரு. பச்சையா ஒரு படுதா மலைக்குப் பின்னாடி இருந்து எழுந்து, தலைக்கு மேல வந்து, ஓரத்துல செவப்பு ஓடுது. காத்து பனியைக் கூட்டித் தள்ளிட்டதால ஏரி வெறும் கண்ணாடி. மேலயும் பச்சை, கீழயும் பச்சை. இந்த வெளிச்சம் வந்தா வாயை மூடிட்டு வீட்டுக்குள்ள இருக்கணும், ஆட்டம் காட்டக் கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. நான் ஸ்டாண்டை நட்டு வெச்சு, கையுறையைக் கழட்டிட்டு, கிறுக்கன் மாதிரி சிரிச்சிட்டு நிக்கறேன்.

அந்தப் படம்தான், ஆமா. பாங்கியில தொங்குதே, பள்ளிக்கூடத்துல தொங்குதே, உங்க வீட்டு சோபாவுக்கு மேல மாட்டியிருக்கானே உங்கப்பன், அதேதான்.

கேமராவை வித்தது முட்டி வலியால இல்லம்மா. முட்டி நல்லாத்தான் இருக்கு.

இரு, அந்த இழுப்பறையை இழு. கத்திக்கு அடியில ஒரு கவரு இருக்கும், அதைக் குடு. இதை யாருக்கும் காட்டினதில்ல. உங்க வீட்டுல தொங்கற படத்துக்கு முன்னாடி எடுத்தது இது. அதே மலை, அதே பச்சை. கீழ இடது மூலையைப் பாரு. மஞ்சளா ஒரு புள்ளி, தெரியுதா? அதுதான் உங்கப்பன்.

எனக்கு அது எவனோ ஹோட்டல்காரன் வெளியூர் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து லைட்டை நோண்டிட்டிருக்கறதாத் தோணுச்சு. கேமரா கண்ணை இருபது செகண்டு தொறந்து வெக்கணும்மா, எதிர்ல ஒரு பொட்டு வெளிச்சம் வந்தாலும் படம் பாழ். திட்டித் தீத்தேன். படம் புடிக்கறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு, தூரத்துல இருக்கறவனுக்குக் கத்த முடியாதில்ல, அதனால நம்ம லைட்டை ரெண்டு தடவ மின்னுவோம். லைட்டை அணைடா, என் படம் கெடுதுன்னு அர்த்தம். நானும் மின்னினேன்.

அவன் அணைச்சான்.

நல்ல இருட்டு கெடச்சுது. அதுக்கப்புறம் ஒரு மணி அம்பது நிமிஷம், நாப்பது படம் எடுத்தேன். உங்க வீட்டுல தொங்கறது அதுல ஒண்ணு. எல்லாம் முடிஞ்சு, சாமானைக் கட்டறப்ப மொதப் படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன், கெட்டுப் போயிருக்கான்னு. அப்பத்தான் கவுந்து கிடக்கற ஸ்கூட்டர் தெரிஞ்சுது.

அப்புறம் ஓடினேன், அது பொய்யில்ல.

புள்ள முழிச்சுட்டான் பாரு. எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துல பாதிரியார் கேட்டா வேற பேரு சொல்லும்மா. உங்கப்பன் ஏன்னு கேட்டா, இந்தா, இந்தக் கவரைக் குடுத்துரு.